2,500 டாலர் இல்லாதவர்கள்: நியூ ஜெர்சி சிறைகளின் ஒருநாள் கணக்கும் அதன் பின்கதையும்

2012 அக்டோபர் 3, புதன்கிழமை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) சிறைகளில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் எதற்காக உள்ளே இருக்கிறார் என்று ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. பட்டியலில் இருந்தவர்கள் 13,003 பேர். அவர்களில் 5,006 பேருக்கு ஜாமீன் தொகை ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. கட்டினால் வீட்டுக்குப் போகலாம். கட்ட முடியாததால் இருந்தார்கள். அதிலும் 1,547 பேருக்குத் தேவைப்பட்டது 2,500 டாலர், அல்லது அதற்கும் குறைவு. மொத்தத்தில் 12 சதவீதம்.

மேரி வான்நோஸ்ட்ராண்ட் என்ற ஆய்வாளர் தயாரித்த இந்தக் கணக்கை டிரக் பாலிசி அலையன்ஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்டது. ஜாமீன் முறை ஏழைகளை வதைக்கிறது என்பது அதற்கு முன்பும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எத்தனை பேரை, எவ்வளவு பணத்துக்காக என்று கேட்டால் கையில் காட்ட எண் இருக்கவில்லை. அந்த எண் வந்த நான்கே ஆண்டுகளில் நியூ ஜெர்சி பண ஜாமீனை அநேகமாகக் கைவிட்டது. 2018 முடிவதற்குள் அதன் விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கை 43.9 சதவீதம் குறைந்திருந்தது.

இந்தச் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நேரே 'அல்காரிதம்' என்ற சொல்லில் போய் நிற்கிறார்கள். கணினி மதிப்பெண் போட்டது, நீதிபதி விடுவித்தார் என்பதாகக் கதை முடிந்துவிடுகிறது. எண்களை உட்கார்ந்து படித்தால் அந்தக் கதை பாதிகூடத் தேறாது. ஒவ்வொரு கைதியின் பெயருக்கு எதிரேயும் ஒரு கெடு ஓடத் தொடங்கியது, அந்தக் கெடுவுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஓர் ஆள் நியமிக்கப்பட்டார். சிறைகளைப் பெரும்பாலும் காலிசெய்தது இதுதான் என்பது என் கணிப்பு.

கவுண்டி சிறை என்பது என்ன

அமெரிக்காவில் தண்டனை பெற்றவர்கள் போகும் மாநிலச் சிறைகள் வேறு, உள்ளூர்ச் சிறைகள் வேறு. பின்னதை நம் ஊர்க் கிளைச் சிறையின் பெரிய அண்ணனாக நினைத்துக்கொள்ளலாம். கைதானவர் முதலில் வந்து சேரும் இடம் அது. நாடு முழுவதும் இப்படி ஏறக்குறைய 3,000 சிறைகள் உள்ளன. உள்ளே இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள், வாய்தாவுக்குக் காத்திருப்பவர்கள்.

ஜாமீனுக்குப் பணம் இல்லாதவர் அங்கே ஜாமீன் கம்பெனியைத் தேடிப் போவார். தொகையில் பத்தில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு கம்பெனி அவருக்குப் பிணை நிற்கும். வழக்கில் விடுதலையே ஆனாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு திரும்பி வராது. நம் நீதிமன்ற வாசலில் வீட்டுவரி ரசீதுடன் நிற்கும் வாடகை ஜாமீன்தாரர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. அங்கே அதற்குக் கடை உண்டு, விளம்பரப் பலகை உண்டு, பின்னால் காப்பீட்டு நிறுவனம் உண்டு.

பழைய முறையின் இன்னொரு ஓட்டை எதிர்ப்பக்கத்தில் இருந்தது. நியூ ஜெர்சியின் அரசியல் சட்டம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஜாமீன் பெறும் உரிமை தந்திருந்தது. 'இவர் ஆபத்தானவர், வெளியே விட முடியாது' என்று நேர்மையாகச் சொல்ல நீதிபதிக்கு வழியில்லை. தொகையை உயர்த்தலாம், அவ்வளவுதான். கையில் பணமுள்ள போதைப்பொருள் வியாபாரி அதைக் கட்டிவிட்டுப் போவான். கடையில் திருடிய பையன் உள்ளே கிடப்பான். குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டிக்கு முதல் ஓட்டை உறுத்தியது. இரண்டாவது அதைவிட அதிகமாக உறுத்தியது. ஜனநாயகக் கட்சி கையில் இருந்த சட்டமன்றத்துக்கு முன்னுரிமை தலைகீழ். இரு தரப்பும் கைகுலுக்க அதுவே போதுமானதாக இருந்தது.

நாட்களைப் பெருக்கும் கணக்கு

சிறை நிர்வாகத்தில் தரவைத் தொடுகிறவர் முதலில் கற்க வேண்டிய சூத்திரம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது ஒரு நாளில் வருகிறவர்களை, அவர்கள் சராசரியாகத் தங்கும் நாட்களால் பெருக்கினால் கிடைப்பது. வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இது. வங்கியில் நிற்கும் வரிசைக்கும் பொருந்தும், மருத்துவமனைப் படுக்கைக்கும் பொருந்தும்.

ஒரு கற்பனைச் சிறையை வைத்துப் பார்ப்போம். மாதம் 100 பேர் வருகிறார்கள். 80 பேர் இரண்டே நாளில் போய்விடுகிறார்கள். மற்ற 20 பேர் 200 நாள் தங்குகிறார்கள். முதல் கூட்டம் எடுத்துக்கொள்வது 160 சிறை நாட்கள். இரண்டாவது கூட்டம் எடுத்துக்கொள்வது 4,000. அந்த 80 பேரையும் ஒரு நாள் முன்னதாக அனுப்பினால் மிச்சமாவது 80 நாள். அந்த 20 பேரின் வழக்கைப் பத்து நாள் முடுக்கினாலே 200 நாள் மிச்சம். வாசலில் கூட்டத்தைக் குறைப்பதைவிட உள்ளே தேங்கியிருக்கும் வழக்கை நகர்த்துவதில்தான் அதிகப் படுக்கைகள் காலியாகும்.

ஆனால் 80 பேரின் இரண்டு நாளைப் படுக்கைக் கணக்கில் மட்டும் பார்ப்பது தவறு. திங்கட்கிழமை வேலைக்குப் போகாதவனுக்குப் புதன்கிழமை வேலை இருக்காது. சிறைக் கண்காணிப்பாளரின் கணக்கும் கைதியின் குடும்பக் கணக்கும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

ஒருநாள் கணக்கில் இன்னொரு பொறியும் இருக்கிறது. விசாரணைக்குக் காத்திருப்பவர்கள் சராசரியாகப் பத்து மாதத்துக்கும் மேலாக உள்ளே இருந்தார்கள் என்று அப்போது நியூ ஜெர்சியில் சொல்லப்பட்டது. கைதாகும் ஒவ்வொருவரும் பத்து மாதம் கிடந்தார் என்று இதைப் படித்துவிடக் கூடாது. நம் கற்பனைச் சிறைக்குள் ஏதாவது ஒரு நாளில் நுழைந்து பாருங்கள்: கண்ணில் படுகிறவர்களில் ஏறக்குறைய எல்லாரும் அந்த 20 பேர் ரகமாகவே இருப்பார்கள். இரண்டு நாளில் போகிறவர்கள் அந்தப் புகைப்படத்தில் விழுவதேயில்லை. ஒருநாள் கணக்கு நெடுநாள் கைதிகளைக் காட்டும்; வந்துபோனவர்களைக் காட்ட நுழைவுப் பதிவேடு வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரியாத நிர்வாகி எந்த மென்பொருளை வாங்கியும் பயனில்லை.

சட்டம் வைத்த கெடுக்கள்

மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஸ்டூவர்ட் ராப்னர் தலைமையில் அமைந்த கூட்டுக் குழு 2014 மார்ச்சில் அறிக்கை தந்தது. அரசு வழக்கறிஞர்கள், கைதிகளுக்காக வாதாடுகிறவர்கள், நீதிபதிகள், சட்டமன்றத்தார் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆகஸ்டில் சட்டம் கையெழுத்தானது. ஆபத்தானவரை ஜாமீன் இல்லாமல் வைக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்ததால் நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து அதுவும் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்த நாள் 2017 ஜனவரி 1. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயத்தத்துக்கு விட்டார்கள். அவசரமாகச் சட்டம் போட்டு மறுநாளே சுற்றறிக்கை அனுப்பும் பழக்கத்தைப் பார்த்த கண்ணுக்கு இது ஆச்சரியம்தான்.

புதிய ஏற்பாடு இப்படி. கைதானவரின் விரல்ரேகை காவல் நிலையத்திலேயே மின்னணுக் கருவியில் பதிவாகும். பழைய வழக்குகள் கணினியில் எழுந்துவரும், முதல்கட்ட மதிப்பெண் உருவாகும். அதைப் பார்த்த பிறகே சம்மன் கொடுத்து அனுப்புவதா, வாரண்ட் கேட்பதா என்று முடிவாகும். சம்மன் என்றால் ஆள் அப்போதே வீட்டுக்குப் போகலாம். வாரண்ட் என்றால் சிறைக்குப் போன 48 மணி நேரத்துக்குள் விடுவிப்பு பற்றி முடிவெடுத்தாக வேண்டும். உள்ளேயே வைக்க விரும்பினால் அரசு வழக்கறிஞர் தனி மனு போட்டு வாதாட வேண்டும். அப்படி வைக்கப்பட்டவருக்கு 90 நாளில் கிராண்ட் ஜூரி (வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) குற்றச்சாட்டு வந்தாக வேண்டும். அதிலிருந்து 180 நாளில் விசாரணை தொடங்க வேண்டும். மொத்தத்தில் இரண்டு ஆண்டு தாண்டக் கூடாது. விலக்குகள் நிறைய உண்டு. ஆனாலும் ஒவ்வொரு விலக்கும் பதிவாக வேண்டும், யார் காரணம் என்று எழுத வேண்டும்.

ஒன்பது கேள்விகள்

மதிப்பெண் தரும் கருவியின் பெயர் பப்ளிக் சேஃப்டி அசெஸ்மென்ட், சுருக்கமாக பி.எஸ்.ஏ. அர்னால்ட் அறக்கட்டளை உருவாக்கியது. இதை மர்மப் பெட்டியாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இதன் கூட்டல் கணக்கு முழுவதும் வெளியிடப்பட்டது. பள்ளிப் பிள்ளைகூடப் போடலாம். வயது, தற்போதைய குற்றம் வன்முறை சார்ந்ததா, நிலுவை வழக்கு உண்டா, சிறு குற்றத்துக்கும் பெரிய குற்றத்துக்கும் பெற்ற பழைய தண்டனைகள், வன்முறைக் குற்றத் தண்டனை, இரண்டு ஆண்டுக்குள் தவறவிட்ட வாய்தாக்கள், அதற்கு முன் தவறவிட்டவை, முன்பு சிறைத் தண்டனை பெற்றவரா. ஒன்பதே காரணிகள். வேலை, படிப்பு, வீட்டு முகவரி, இனம் எதுவும் கேட்பதில்லை. கைதியைப் பேட்டி காண்பதும் இல்லை.

1961-இல் நியூயார்க்கில் வேரா அமைப்பு நடத்திய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தில் இதற்கு நேரெதிர். அங்கே சட்ட மாணவர்கள் கைதியிடம் வந்து குடும்பம் எங்கே, வேலை எவ்வளவு நாளாக என்று கேட்டு, பணமில்லாமல் சொந்த ஜாமீனில் விடப் பரிந்துரைத்தார்கள். மதிப்பெண் போடும் பழக்கத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கைதியிடம் கேட்பதிலிருந்து கோப்பிடம் கேட்பதற்கு அது மாறியிருக்கிறது.

கோப்பிடம் கேட்பதில் என்ன சிக்கல் வரும் என்பதை ஒருவரை வைத்துப் பார்க்கலாம். இவர் கற்பனை ஆள், கணக்கு கற்பனையில்லை. வயது 30. ஒரு நிலுவை வழக்கு, ஒரு பழைய தண்டனை. சென்ற ஆண்டு ஒரு வாய்தாவுக்கு வரவில்லை என்று பதிவு இருக்கிறது. 'இவர் நீதிமன்றத்துக்கு வராமல் போவாரா' என்ற அளவுகோலில் நிலுவை வழக்குக்கு 1, தண்டனைக்கு 1, சமீபத்தில் தவறிய வாய்தாவுக்கு 2. கூட்டினால் 4. அட்டவணைப்படி ஆறு படிகளில் நான்காம் படி. இப்போது அந்த வாய்தா நாளில் அவர் வேறொரு கவுண்டி சிறையில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வரவில்லைதான், வர எப்படி முடியும்? பதிவைத் திருத்தினால் கூட்டு 2, மூன்றாம் படி. திருத்தாமல், அதே போல இன்னொரு தவறிய வாய்தாவும் சேர்ந்தால் கூட்டு 6, ஐந்தாம் படி. ஒரு குமாஸ்தா ஒரு கட்டத்தில் போட்ட குறி ஒருவரை இரண்டு படி நகர்த்திவிடுகிறது. கருவியின் நியாயம் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் கால்வாசியாவது இந்தக் கட்டத்தை நிரப்பும் குமாஸ்தாவைப் பற்றி இருந்திருக்கலாம்.

வயதுக்கும் ஒரு விசித்திரம் உண்டு. புதுக் குற்றம் செய்வாரா என்ற அளவுகோலில் 22 வயது வரை இரண்டு புள்ளி. 23-ஆம் பிறந்தநாள் அன்று அது பூஜ்யம். புள்ளிவிவரத்தில் இதற்குச் சான்று உண்டு. ஆனாலும் பிறந்தநாளுக்கு முதல் நாள் கைதானவனிடம் போய் இதை விளக்கும் வேலை எனக்கு வேண்டாம்.

எண்கள் சொன்னது

2015 டிசம்பர் 31-இல் நியூ ஜெர்சியின் விசாரணைக் கைதிகள் 8,899 பேர். 2018 டிசம்பர் 31-இல் 4,995 பேர். 43.9 சதவீதச் சரிவு என்பது இதுதான்.

ஆனால் நடுவில் ஒரு நாளைப் பாருங்கள். 2016 கடைசி நாளில், அதாவது சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முதல் நாள், எண்ணிக்கை ஏற்கெனவே சுமார் 7,200-க்கு இறங்கிவிட்டது. மொத்தச் சரிவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் புது விதிகள் பிறப்பதற்கு முன்பே நடந்திருக்கிறது. மாநிலம் முழுவதும் மதிப்பெண் இன்னும் அமலுக்கு வரவில்லை. கெடு வரப்போகிறது என்று தெரிந்ததும் நீதிமன்றங்கள் தேங்கிய கோப்புகளைப் புரட்டத் தொடங்கின, காவல் துறை சம்மன் பக்கம் சாயத் தொடங்கியது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. தேர்வு தேதி அறிவித்த பிறகு வரும் படிப்பு போல.

முதல் ஆண்டான 2017-இல் குற்றம் சாட்டப்பட்டவர்களில் வாரண்டில் சிறைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 44,000 பேர். இவர்களில் 8,043 பேரை ஜாமீன் இல்லாமல் வைக்க உத்தரவானது. அதாவது 18 சதவீதம். பண ஜாமீன் விதிக்கப்பட்டது மாநிலம் முழுவதிலும் 44 முறை. ஜாமீன் கம்பெனிகள் கடையைக் கட்டின. பண ஜாமீன் கேட்பது அரசியல் சட்ட உரிமை என்று தொடுத்த வழக்கும் 2018-இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

வெளியே விட்டவர்கள் என்ன செய்தார்கள்? 2014-ஐயும் 2017-ஐயும் ஒப்பிட்டால், நீதிமன்றத்துக்கு ஒழுங்காக வந்தவர்கள் 92.7 சதவீதத்திலிருந்து 89.4-ஆகக் குறைந்தார்கள். வெளியே இருக்கும்போது புதிய பெரிய குற்ற வழக்கில் சிக்கியவர்கள் 12.7-இலிருந்து 13.7 சதவீதமானார்கள். முன்பு உள்ளே கிடந்த ஆயிரக்கணக்கானவர்கள் இப்போது வெளியே இருக்கும் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்தால் இந்த எண்கள் தவறாகப் படும். அதைக் கணக்கில் கொண்டால் இது வியக்கத்தக்க அளவுக்குச் சிறிய நகர்வு. ஆனால் 'எந்த மாற்றமும் இல்லை' என்று மேடையில் பேசியவர்களும் கொஞ்சம் மிகைப்படுத்தியவர்கள்தான்.

எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 2019-இல் தந்த மதிப்பீடும் இதே திசையில் போகிறது. கைதுகளே குறைந்தன, சம்மன் கூடியது, நிபந்தனையின்றி விடப்பட்டவர்கள் கூடினார்கள், கைதான முதல் மாதத்தில் சிறையில் கழியும் நாட்கள் குறைந்தன. அந்த ஆய்வு சட்டத்தை மொத்தமாக அளந்தது. மதிப்பெண்ணின் பங்கைத் தனியே பிரித்துக் கொடுக்கவில்லை. பிரித்துப் பார்க்க கெண்டக்கி மாநிலம் உதவுகிறது. அங்கே 2011 சட்டம் மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. மேகன் ஸ்டீவன்சன் என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்தபோது விடுவிப்பு சிறிதளவே கூடியதும், நாளாக நாளாக நீதிபதிகள் பழைய வழிக்கே திரும்பியதும் தெரிந்தது. மதிப்பெண் மேஜை மேல் இருந்தது. பார்த்துவிட்டு அவரவர் வழக்கப்படி தீர்ப்பெழுதினார்கள்.

அசையாத ஓர் எண்

நியூ ஜெர்சி 2018 அக்டோபர் 3-இல் மறுபடியும் ஒருநாள் கணக்கெடுத்தது. ஆறு ஆண்டுக்கு முந்தைய அதே தேதி. ஒரு நிர்வாகம் தன்னைத் தானே அளக்க அதே அளவுகோலை எடுத்து வந்தது பாராட்டத்தக்கது. உள்ளே இருந்தவர்கள் 6,000 பேருக்கு மேல் குறைந்திருந்தார்கள். 2,500 டாலருக்குள் ஜாமீன் கட்ட முடியாமல் இருந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 4.6-ஆகியிருந்தார்கள்.

கறுப்பினத்தவரின் பங்கு: 2012-இல் 54 சதவீதம். 2018-இல் 54 சதவீதம். மாநில மக்கள்தொகையில் அவர்கள் ஏறக்குறைய ஏழில் ஒருவர்.

எண்ணிக்கையில் சுமார் 3,000 கறுப்பினத்தவர் குறைவாகச் சிறையில் இருந்தார்கள் என்பதும் உண்மை. அது சின்ன விஷயமில்லை. ஆனால் விகிதம் அசையவில்லை. இனம் கேட்காத கருவி இதைச் சரிசெய்யும் என்று நம்பியவர்களுக்கு அந்த எண் கசந்தது. கருவி கேட்பது பழைய கைதுகளின் விளைவுகளை. யாரைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள், யாரைச் சோதிக்கவில்லை என்பது அந்தக் கோப்புக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பெண் முறையைப் பல ஆண்டுகள் ஆதரித்த பிரிடிரையல் ஜஸ்டிஸ் இன்ஸ்டிட்யூட், 2020-இல் இதே காரணத்தைச் சொல்லித் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் அடி வந்தது. விடுவிக்கப்பட்ட ஒருவர் 2017-இல் ஓர் இளைஞரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். இளைஞரின் தாய் கருவியை உருவாக்கிய அறக்கட்டளைமீது, பழுதான பொருளை விற்ற கம்பெனிமீது தொடுப்பது போல வழக்குத் தொடுத்தார். மதிப்பெண் கருவி சட்டப்படி ஒரு 'பொருள்' அல்ல என்று கூறி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் 2020-இல் அதுவே நிலைத்தது. அப்படியானால் கருவி தவறினால் யார் பொறுப்பு? நீதிபதி, ஏனென்றால் மதிப்பெண் பரிந்துரை மட்டுமே. இதற்குள் 2017 மே மாதமே, துப்பாக்கி வழக்குகளில் கடுமை காட்டும்படி அரசு வழக்கறிஞர்களுக்கான வழிகாட்டுதல் மாற்றப்பட்டது.

பணமும் நீதிபதிகளும்

விடுவிக்கப்பட்டவர்களைக் கண்காணிக்கவும், வாய்தாவை நினைவூட்டவும், கோப்புகளைச் சரிபார்க்கவும் ஒரு தனித் துறையே தேவைப்பட்டது. அதன் செலவை நீதிமன்றக் கட்டணங்களில் இருந்து எடுக்க ஏற்பாடு. வாடகை வழக்கும் கடன் வழக்கும் போடுகிறவர்களின் மனுக் கட்டணம் கிரிமினல் கைதியின் விடுவிப்புக்குச் செலவானது. இந்த வருமானம் கட்டாது என்று நீதித் துறையே தன் ஆண்டறிக்கைகளில் எச்சரித்தது. தரவைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்குக் கூட்டம் சேரும். அதைத் தினமும் உள்ளிடுகிறவரின் சம்பளத்தைப் பற்றிப் பேச ஆள் வராது.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் குறுந்தண்டனைக் கைதிகளைக் கவுண்டி சிறைகளில் இருந்து விடுவிக்க மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, எண்ணிக்கை விழுந்தது. ஆனால் ஜூரி விசாரணைகளும் நின்றன. உள்ளே வைக்கப்பட்டவர்களின் கெடுக்கள் நீட்டிக்கப்பட்டன, தங்கும் நாட்கள் கூடின, விசாரணைக் கைதிகள் மறுபடியும் ஏறத் தொடங்கினார்கள். வருகிறவர்களை எவ்வளவு கவனமாகச் சலித்தாலும் பெருக்கல் கணக்கின் இரண்டாவது எண் ஏறினால் விடை ஏறும்.

நோய் ஓய்ந்த பிறகும் தேக்கம் ஓயவில்லை. மாநிலத்தில் நீதிபதிப் பதவிகள் நிரப்பப்படாமல் கிடந்தன. 2023 பிப்ரவரியில் ராப்னர், இந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்த அதே தலைமை நீதிபதி, ஆறு கவுண்டிகளில் சிவில் வழக்குகளையும் மணமுறிவு வழக்குகளையும் விசாரணைக்கு எடுப்பதை நிறுத்திவைத்தார். இருக்கும் சில நீதிபதிகளை வைத்துக்கொண்டு, சிறையில் காத்திருப்பவர்களின் வழக்குகள் முதலிய அவசர வழக்குகளை முதலில் பார்க்க வேண்டியிருந்தது.